பெரிய கேன்வாஸுக்கு முன் சின்னக் காகிதம்: விவிலிய நிலக்காட்சிக்கு எண்ணெய் முன்வரைவு போடுவது எப்படி?

ஆறடிக் கேன்வாஸ் ஒன்றை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "செங்கடல் பிளப்பதை வரையப் போகிறேன்" என்று நேராகத் தூரிகையை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். நானே அவர்களில் ஒருவன். மூன்றாம் நாள் வானம் முடிந்தது. பத்தாம் நாள் அந்த வானத்துக்குக் கீழே எதை வைத்தாலும் ஒட்டவில்லை. வீணான வெள்ளை வண்ணத்தின் விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அந்தக் காசில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து முப்பது முன்வரைவுகள் போட்டிருக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்த முப்பதைப் பற்றியது. எண்ணெய் வண்ணம் கொஞ்சம் பழகியவர், ஆனால் பெரிய படத்துக்கு இப்போதுதான் இறங்குகிறவர் என்று உங்களை வைத்துக்கொள்கிறேன். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்வோம்: ருஷ்ய ஓவியர் அலெக்சாந்தர் இவானோவ். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகன் கைநீட்டிக் காட்ட, தொலைவிலிருந்து இயேசு நடந்து வரும் காட்சியை அவர் 1837 முதல் 1857 வரை, இருபது ஆண்டுகள், ரோம் நகரில் இருந்து வரைந்தார். 540 செ.மீ. உயரம், 750 செ.மீ. அகலம். இப்போது மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதற்காக அவர் போட்ட முன்வரைவுகளும், ஒரு கல் அல்லது ஒரு கிளை என்று ஒவ்வொன்றையும் தனியே பார்த்து வரையும் ஸ்டடிகளும் அறுநூறுக்கும் மேல். நமக்கு அறுநூறு வேண்டாம். ஆனால் அவர் எதை எதற்காகப் போட்டார் என்பது வேண்டும்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முன்வரைவு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டும். "வெளிச்சம் எங்கிருந்து?" என்று ஒன்று. "இந்தக் கல் நனைந்தால் என்ன நிறம்?" என்று இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் கேட்டால் கிடைப்பது ஒரு சின்ன, மோசமான ஓவியம். அது முன்வரைவு ஆகாது.

வசனத்தை ஓவியனாகப் படித்தல்

பென்சிலை எடுக்கும் முன் அந்த அதிகாரத்தை மூன்று முறை படியுங்கள். பக்திக்காகப் படிப்பது உங்கள் விருப்பம். இப்போது இடத்துக்காகப் படியுங்கள். நிலம் என்ன? நேரம் என்ன? எத்தனை பேர்? யார் நிற்கிறார்கள், யார் நகர்கிறார்கள்? யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் இந்தக் காட்சியை யோர்தானுக்கு அக்கரையில் வைக்கிறது. மத்தேயு மூன்றாம் அதிகாரம் யூதேயாவின் வனாந்தரம் என்கிறது. ஒட்டகமயிர் உடை, இடுப்பில் வார்க்கச்சை என்று ஆளையும் காட்டுகிறது. அதற்கு மேல் வானம், மரம், மலை எல்லாம் உங்கள் பொறுப்பு. வசனம் சொல்வதை ஒரு பக்கமும் சொல்லாததை மறுபக்கமும் எழுதி வைத்தால், சொல்லாத பட்டியல்தான் நீளமாக இருக்கும். முன்வரைவுகள் அந்தப் பட்டியலுக்காகத்தான்.

நம் ஊரில் அச்சான பழைய விவிலியப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு யோர்தான் என்றால் அகன்ற நீலநதி. உண்மையில் அதன் கீழ்ப்பகுதி ஒடுங்கியது, கலங்கிய பழுப்பு நிறம். அது போய்ச் சேரும் சாக்கடல் கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கரையில் நாணல், அரளி, ஈச்சை இனங்கள். அரளியும் நாணலும் நமக்கு அந்நியமல்ல. அவற்றை உங்கள் ஊர் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து வரையலாம். தென்னையை மட்டும் தயவுசெய்து கொண்டுபோய் நடாதீர்கள்.

தேவையானவை

300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் காகிதம். அதில் இரண்டு கோட் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு), முதல் கோட் காய்ந்த பிறகு இரண்டாவது. வெறும் காகிதத்தில் எண்ணெய் வண்ணம் பூசினால் காகிதம் எண்ணெயை உறிஞ்சி, நாளடைவில் பழுப்பேறி நொறுங்கும். ஜெஸ்ஸோ காய்ந்ததும் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்து மெல்லிதாக ஒரு பூச்சு பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் எல்லா நிறமும் இருட்டாகத் தெரியும். மண்நிறத் தாளில்தான் வெளிச்சத்தையும் இருட்டையும் நடுநிலையாக எடைபோட முடியும். ஒரே நாளில் இருபது தாள்கள் இப்படித் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் கைவசம் குவிந்திருந்தால்தான் ஒன்றைக் கெடுக்கும் தைரியம் வரும்.

காகிதத்தில் எண்ணெய் வண்ணம் என்பது சிக்கன வழி மட்டுமல்ல, பழைய வழி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஓவியர் வாலென்சியென் ரோமைச் சுற்றிப் போட்ட வெளிப்புற ஸ்டடிகள் காகிதத்தில் போட்டவைதான்.

வண்ணங்கள் ஆறு போதும்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அல்ட்ராமரைன் புளூ, ஒரு சிவப்பு. பச்சை டியூப் வாங்காதீர்கள். ஓக்கரும் அல்ட்ராமரைனும் கலந்து வரும் மங்கிய பச்சைதான் வறண்ட நிலத்தின் பச்சை. பன்றிமயிர்த் தூரிகை தட்டையாக மூன்று அளவுகளில், ஒரு பேலட் கத்தி, டர்பன்டைன், லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய், பழந்துணி. அவ்வளவுதான். இவானோவ் தொடங்கிய 1837-இல் வண்ண டியூப்கூடக் கிடையாது. பிதுக்கும் உலோக டியூபுக்கு ஜான் ராண்ட் காப்புரிமை பெற்றது 1841-இல்தான். அதற்குமுன் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தை அடைத்து, ஊசியால் குத்திப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எச்சரிக்கை ஒன்று, இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். லின்சீட் எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வேலை முடிந்ததும் துணிகளைத் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். டர்பன்டைனைத் திறந்தால் சன்னலையும் திறங்கள்.

முதல் வரைவு: மூன்றே சாயல்

உள்ளங்கை அளவு, நீளவாட்டில். ரா அம்பரும் வெள்ளையும் மட்டும். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே சாயல். முகம் வேண்டாம், இலை வேண்டாம். பெரிய இருட்டு எங்கே, பெரிய வெளிச்சம் எங்கே, இரண்டும் எங்கே மோதுகின்றன, அவ்வளவுதான் கேள்வி. ஒரு மணி நேரத்தில் பத்துப் போடலாம்.

இதன் பலத்தைப் பார்க்க அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் 1828-இல் வரைந்த ஏதேன் தோட்டத்திலிருந்து விரட்டப்படும் காட்சியைத் தேடிப் பாருங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. வலப்பக்கம் ஒளிரும் தோட்டம், இடப்பக்கம் கரிய பாறையும் புயலும், நடுவே வாசலிலிருந்து பாயும் ஒளி. ஆதாமும் ஏவாளும் எறும்பளவுதான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலும், தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் கதை புரிகிறது. உங்கள் மூன்று சாயல் வரைவைக் கையில் பிடித்து, எட்டடி தள்ளி நின்று இதே சோதனையைச் செய்யுங்கள். யார் எங்கே என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எது முக்கியம் என்று தெரிய வேண்டும்.

பத்தில் எட்டு குப்பைக்குப் போகும். போகட்டும்.

இரண்டாவது: அமைப்பு வரைவு

தேறிய இரண்டில் ஒன்றை வண்ணத்தில் எடுக்கும் நேரம் இது. இங்கே புதியவர்கள் அதிகம் சறுக்குவது அளவு விகிதத்தில். சின்னத் தாளின் விகிதமும் பெரிய கேன்வாஸின் விகிதமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கேன்வாஸ் 120 × 180 செ.மீ. என்றால் வரைவு 20 × 30. இவானோவின் 540 × 750-ஐப் பதினைந்தில் ஒன்றாகச் சுருக்கினால் 36 × 50. ஒரு மடியில் வைத்து வரையும் அளவு. கடையில் கிடைத்த தாள் கொஞ்சம் அகலம் என்று அப்படியே போட்டால், பெரிதாக்கும்போது ஒரு பக்கம் ஒரு சாண் வெற்றிடம் வந்து நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

தொடுவானக் கோட்டை முதலில் முடிவு செய்யுங்கள். சமதரையில் நிற்கும் மனிதனின் கண்ணால் பார்க்கிறீர்கள் என்றால், அதே தரையில் நிற்கும் எல்லோருடைய தலையும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே வரும். அருகில் நிற்பவருக்கும் அப்படித்தான், அரை மைல் தள்ளி நிற்பவருக்கும் அப்படித்தான். கால்கள்தான் மேலே ஏறும். இது பிடிபடாமல் தொலைவிலிருக்கும் ஆட்களைக் குள்ளர்களாக்கித் தரையில் புதைத்த படங்கள் ஏராளம். ஆட்களைக் காகிதத்தில் வெட்டி, வரைவின்மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். அழித்து அழித்து வரைவதைவிட வேகமானது.

இவானோவின் படத்தில் எல்லோரும் பேசுவது முகங்களைப் பற்றி. நான் பார்ப்பது நடுவிலிருக்கும் வெற்று நிலத்தை. முன்னணியில் மனிதர்கள் பெரிது பெரிதாக நெருக்கியடித்து நிற்கிறார்கள். இயேசு சின்னதாக, தனியாக, தூரத்தில் வருகிறார். இடையில் காய்ந்த தரை. அந்தத் தரை இல்லாவிட்டால் காத்திருப்பு இல்லை. ஓர் ஆளை எவ்வளவு சிறிதாக்கலாம், அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே எத்தனை விரற்கடை காலியாக விடலாம் என்பதை அமைப்பு வரைவில்தான் கண்டுபிடிக்க முடியும்; கேன்வாஸில் அதற்கு இடமில்லை.

பூசும் முறை: அடியில் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய வண்ணம், அதன்மேல் டியூபிலிருந்து வரும்படியே, கடைசி வெளிச்சங்களில் மட்டும் ஒரு துளி லின்சீட். எண்ணெய் குறைந்தது கீழே, கூடியது மேலே. தலைகீழாகச் செய்தால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து பின்னால் வெடிக்கும்.

மூன்றாவது: வெளியே போய்ப் பார்த்து வரைதல்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, நீளமாகப் பேசப் போகிறேன்.

இவானோவுக்குப் பாலஸ்தீனம் போக ஆசை இருந்தது. போக வாய்க்கவில்லை. ஆகவே யோர்தானை இத்தாலியில் தேடினார். ரோமைச் சுற்றிய வறண்ட வெளி, பொந்தைன் சதுப்பு நிலம், அல்பானோ அருகே ஒலிவ மரங்கள், நீருக்கடியில் தெரியும் கற்கள். இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்டடி. ஒரே ஒரு மரக்கிளையை வான்வெளியின் முன் வைத்து அவர் வரைந்த சிறு துண்டு ஒன்று உண்டு. கிளையின் வெளிச்சப் பக்கம் ஒரு பச்சை, நிழல் பக்கம் வேறு பச்சை, இலைகளுக்கு நடுவே தெரியும் தொலைதூர நீலம் மூன்றாவது. அந்தத் துண்டு என் சுவரில் அச்சுப்பிரதியாகத் தொங்குகிறது. முழுப்படத்தின் பிரதியை வாங்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இடத்துக்கே போனவரும் உண்டு. ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹண்ட் 1854-இல் சாக்கடல் கரைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய், லேவியராகமத்தின் போக்காட்டை, அதாவது மக்களின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு விரட்டும் ஆட்டை, வரைந்தார். அதற்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. மான்செஸ்டரில் இருக்கும் சின்னதில் ஆடு கருமை, வானத்தில் வானவில். பெரியதில் ஆடு வெள்ளை, வானவில் இல்லை. நம்பிக்கையின் அடையாளத்தைக் கடைசிப் படத்திலிருந்து எடுத்துவிட்ட முடிவை அருகருகே வைத்தே பார்க்க முடிகிறது. இடத்துக்குப் போனாலும் முன்வரைவு இல்லாமல் இப்படி ஒரு முடிவு வராது.

நீங்கள் போக வேண்டியது உங்கள் ஊர் ஆற்றங்கரை. கோடையில் நீர் வற்றிக் கற்கள் தெரியும் இடமாகப் பாருங்கள். செய்ய வேண்டியவை:

கல்லும் தண்ணீரும். ஒரே கல்லின் நனைந்த பாதியும் காய்ந்த பாதியும். நனைந்தது இருட்டாகவும் நிறம் கூடியும் தெரியும். காய்ந்தது வெளிறி, வானத்தின் நீலத்தை லேசாக வாங்கியிருக்கும். ஆழம் குறைந்த நீரில் அடிமண் தெரிவதும், தள்ளிப் போகப் போக வானம் மட்டுமே பிரதிபலிப்பதும் எங்கே மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் மனித உடல். இவானோவ் நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையில் வெற்றுடம்புச் சிறுவர்களை வைத்து இதைப் படித்தார். நிழல் விழுந்த தோல் கறுப்பாவதில்லை. மேலிருந்து வானத்தின் நீலமும் கீழிருந்து மணலின் சூடும் அதில் கலக்கின்றன. நண்பரை ஒரு வெள்ளை வேட்டியோடு வெயிலில் நிற்க வையுங்கள். வேட்டியின் நிழலைச் சாம்பல் என்று நினைத்துப் பூசினால் செத்துப்போகும். அதில் நீலத்தையும் தரையின் ஆரஞ்சையும் தேடுங்கள்.

தூரத்து மலை. முன்னால் இருக்கும் மரத்தின் இருட்டையும் மலையின் இருட்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பாருங்கள். மலையின் இருட்டு எவ்வளவு வெளிறியது என்று முதல் முறை யாருமே நம்ப மாட்டார்கள்.

நேரக்கட்டுப்பாடு இங்கே கட்டாயம். வாலென்சியென் மாணவர்களுக்குச் சொன்ன கணக்கு: ஒரு ஸ்டடிக்கு அதிகம் போனால் இரண்டு மணி நேரம், சூரிய உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணி. அதற்குமேல் நிழல் நகர்ந்துவிடும், நீங்கள் இரண்டு வெவ்வேறு நாள்களை ஒரே தாளில் வரைந்துகொண்டிருப்பீர்கள். நம் வெயிலில் நான் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மாலையில் இன்னும் வேகமாக. வெயில் சாயும் வேகம் அப்படி.

கைப்பேசியில் படமெடுக்கலாம், வடிவத்துக்காக மட்டும். நிழலை அது கறுப்பாக்கிவிடும், வானத்தை வெளுக்க வைத்துவிடும். நிறத்துக்கு உங்கள் தாள்தான் சாட்சி. ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, மணி, சூரியன் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். இதைச் செய்யாததால், அற்புதமான ஒரு காலை நேரக் கல்லை மாலை நேரப் படத்துக்குள் வைத்து, ஏன் ஒட்டவில்லை என்று ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் தாள்கள் காயத் தாமதமாகும். அடுக்கி வைக்காமல் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

நான்காவது: நிற வரைவு

இப்போது அமைப்பு வரைவை மீண்டும் எடுத்து, வெளியே கிடைத்த நிறங்களைக் கொண்டு 20 × 30-இல் புதிதாக ஒன்று போடுங்கள். ஒன்றல்ல, மூன்று: அதே அமைப்பு, காலை வெளிச்சம், உச்சி வெயில், மாலை. எது அந்த வசனத்துக்குப் பொருந்துகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நொடியில் தெரியும். பெரும்பாலோர் மாலையைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் மாலை எல்லாவற்றையும் அழகாக்கும். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. வனாந்தரத்தில் ஒருவன் கூவி அழைக்கிறான் என்றால் கண்கூசும் பகல்தான் அதற்கு உரிய நேரம்.

தேர்ந்தெடுத்ததில் உள்ள முக்கியமான எட்டுப் பத்து நிறங்களைப் பேலட் கத்தியால் தனியே கலந்து, ஒரு துண்டுத் தாளில் வரிசையாகத் தேய்த்து, எதோடு எது என்று எழுதி வையுங்கள். பெரிய வானத்துக்கு இரண்டாம் நாள் அதே நிறத்தைக் கலக்கத் தெரியாமல் விழிப்பதிலிருந்து இது காப்பாற்றும்.

ஐந்தாவது: பெரிதாக்குதல்

முறை பழையது, கட்டம் போடுவது. 20 × 30 வரைவுக்கு 2.5 செ.மீ. கட்டங்கள்: குறுக்கே 12, நெடுக்கே 8, மொத்தம் 96. கேன்வாஸில் ஒவ்வொன்றும் 15 செ.மீ. வரைவின்மேல் நேராகக் கோடு கிழித்துக் கெடுக்காதீர்கள். தெளிவான பிளாஸ்டிக் தாளில் கட்டம் வரைந்து மேலே வைத்தால் போதும். கேன்வாஸில் கரிக்கோடு, மெல்லிதாக.

ஆனால் கட்டம் வடிவத்தைத்தான் கடத்தும். வரைவில் ஒரே இழுப்பில் வந்த மேகம் கேன்வாஸில் இரண்டடி நீளமாகி, வெறும் பூச்சாகக் கிடக்கும். சின்னதில் இனிமையாக இருந்த வெளிர்நீலம் பெரிய பரப்பில் கத்தும். முன்னணியில் "ஏதோ மண்" என்று விட்ட மூலை, பெரிதாகும்போது ஒரு சதுர அடி ஒன்றுமில்லாத இடமாக நிற்கும். ஆகவே சந்தேகமான இரண்டு மூன்று பகுதிகளை மட்டும் முழு அளவில் தனித் தாள்களில் போட்டுப் பாருங்கள். இவானோவ் இடைப்பட்ட அளவில் ஒரு முழு வடிவத்தையே வைத்திருந்தார். ஏறத்தாழ 172 × 247 செ.மீ., இப்போது பீட்டர்ஸ்பர்க் ருஷ்ய அருங்காட்சியகத்தில். நமக்கு ஒரு பாறையும் ஒரு தலையும் முழு அளவில் போதும்.

எப்போது நிறுத்துவது?

நிற வரைவைப் பார்க்கும்போது புதிதாகக் கேள்வி எதுவும் எழவில்லை என்றால் நிறுத்துங்கள். எழுந்துகொண்டே இருந்தால் ஒரு தேதி குறித்துவிட்டு நிறுத்துங்கள். இவானோவ் 1858-இல் படத்தைப் பீட்டர்ஸ்பர்க் கொண்டு வந்தார். வரவேற்பு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. சில வாரங்களிலேயே காலராவில் இறந்துபோனார். அந்த நிலக்காட்சி ஸ்டடிகளை இன்று பார்த்து வியக்கிறோம். அவருக்கு அவை வேலைக்கான தாள்கள்தான்.

பெரிய கேன்வாஸில் வேலை தொடங்கிய பிறகும் நிற வரைவைக் கண்ணெதிரே மாட்டி வையுங்கள். நடுவில் ஏதாவது மாற்றத் தோன்றினால் முதலில் வரைவில் மாற்றிப் பார்த்து, அந்த மாற்றம் வேறு எங்கெல்லாம் தொடுகிறது என்று தேடுங்கள்: நிழல், பிரதிபலிப்பு, பக்கத்து ஆளின் தோலில் விழும் நிறம். இவானோவின் படத்தில் இடது கீழ் மூலையில், நீரோரம், ஊன்றுகோலோடு ஒரு முதியவர் இருக்கிறார். இடுப்புத் துணி வெளிறிய நிறம். தண்ணீரில் தெரியும் அதே துணி இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.